களிமண் பூசும் காலம்



இவ்வாரம் ஒரு மூடியைப் பற்றி எழுதுகிறேன்.

ஜார்ஜியா நாட்டில், 'க்வெவ்ரி' எனப்படும் முட்டை வடிவ மண்சாடிகளை வாய் மட்டும் தெரியுமாறு நிலத்தில் புதைத்து, அவற்றில் திராட்சரசம் செய்கிறார்கள். யுனெஸ்கோ 2013-ஆம் ஆண்டு இம்முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. அலாவெர்டி மடத்துத் துறவிகள் இன்றும் இவ்வாறே செய்கிறார்கள். (போதகர் மதுவுக்குப் பரிந்துரை எழுதுகிறார் என்று சபைக் கமிட்டியில் யாரும் பேச வேண்டாம்!)

பிழிந்த சாறும் தோலும் விதையும் சாடிக்குள் ஊற்றப்படுகின்றன. சில நாட்களில் நொதித்தல் தொடங்கிக் கரியமில வாயு பொங்கியெழுகிறது. தோல்கள் மேலே திரண்டு மிதக்க, நீண்ட கோலால் நாளுக்குப் பலமுறை அவற்றை அமிழ்த்துகிறார்கள். இந்நாட்களில் சாடியின் வாயை இறுக்கி அடைப்பதில்லை; அடைத்தால் வாயுவுக்குப் போக்கிடம் இராது. கொந்தளிப்பு அடங்கிய பின்னரே மரத்தாலோ கல்லாலோ ஆன மூடியை வைத்து, விளிம்பைச் சுற்றி ஈரக் களிமண் பூசி அடைக்கிறார்கள். அப்போது காற்றுப் புகுந்தால் ரசம் காடியாகிவிடும். ஆகவே களிமண் உலர்ந்து வெடிக்காதபடி கவனித்துக்கொள்கிறார்கள். வசந்தத்தில்தான் திறப்பு.

எலிகூ தன் உள்ளத்தை அடைபட்ட திராட்சரசத்துக்கு ஒப்பிட்டதை யோபு 32-ஆம் அதிகாரத்தில் வாசித்திருப்பீர்கள். ஆனால் அப்புத்தகத்தில் உண்மையாகவே அடைக்கப்பட்டவன் யோபு என்றே நான் எண்ணுகிறேன். சிநேகிதர் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தார்கள். அது நல்ல ஊழியம். அவன் வாய்திறந்து தன் பிறந்த நாளைச் சபித்ததும் மூடியைத் தேடத் தொடங்கினார்கள். அவர்கள் பேசியவற்றில் பல, பிரசங்கத்துக்கு ஏற்ற அழகான வார்த்தைகள். ஆயினும் முடிவில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. நிதானமாய்ப் பேசியவன் என்று அவர் சாட்சி கொடுத்தது, அத்தனை கேள்விகளையும் கொட்டித் தீர்த்த யோபுக்கே.

நானும் அந்த மூவரோடு சேர்ந்தவன். பல ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த ஒரு சபையில், ஒரு தாய் தன் மகனை இழந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். "ஐயா, ஆண்டவர் என்னை ஏமாற்றிவிட்டார்" என்றார். "அப்படிச் சொல்லக்கூடாதம்மா" என்று தடுத்து, ரோமர் 8:28-ஐ வாசித்தேன். அவர் தலையசைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "காப்பி போடட்டுமா ஐயா?" என்று கேட்டார். ஆறுதலடைந்துவிட்டார் என்று மகிழ்ந்து திரும்பினேன். அடுத்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வரவில்லை. நான் அங்கிருந்து மாற்றலாகும்வரை வரவேயில்லை.

வசனம் சத்தியமே. இன்றும் அதை விசுவாசிக்கிறேன். கொந்தளித்துக்கொண்டிருந்த சாடியின்மேல் அதை மூடியாக வைத்து அழுத்தியவன் நான்.

சென்ற மாதம் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அன்று நான் உங்களைப் பேசவிடவில்லை. இன்று சொல்லுங்கள் அம்மா, கேட்கிறேன்" என்றேன். வெகுநேரம் சத்தமில்லை, இணைப்புத் துண்டிக்கப்பட்டதோ என்று நினைத்தேன். பின்பு பேசத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். நான் ஒரு வசனமும் சொல்லவில்லை.

இவ்வளவையும் அவருடைய அனுமதியோடுதான் எழுதியிருக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் கேளாதிருங்கள். அதன்மேல் களிமண் பூசியாயிற்று.