தாத்தாவின் வால்வு

இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றிய கட்டுரை. கம்ப்யூட்டரைப் பற்றியதும்தான்.

என் தாத்தா சிம்மக்கல் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. பழைய வால்வு ரேடியோ சாமான்கள் மட்டும் ஓர் அட்டைப்பெட்டியில் வீட்டுப் பரணில் கிடந்தன. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, "எதுக்கு இந்தக் குப்பை?" என்று அதைப் பழைய இரும்புக்காரரிடம் நான்தான் எடைக்குப் போட்டேன். ஐம்பது ரூபாய் கிடைத்தது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கணினி அறிவியலில் முதல் பாடம். முதல் தலைமுறைக் கணினிகள் வெற்றிடக் குழல்களால் ஆனவை என்று சார் படம் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எடைக்குப் போட்ட அதே கண்ணாடிக் குழல்!

1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகளாம். எடை ஏறக்குறைய 30 டன். நம் நாட்டிலும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். 1960-இல் இயங்கத் தொடங்கிய அதற்கு 1962-இல் நேரு 'டிஃப்ராக்' என்று பெயர் வைத்தார். அதில் சுமார் 2,700 வால்வுகள்.

சாயங்காலம் தாத்தாவிடம் கேட்டேன். "பாட்டுச் சத்தத்தைப் பெருக்குற வால்வு எப்படித் தாத்தா கணக்குப் போடும்?"

அவர் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரே ஒரு வால்வை எடுத்தார். "உள்ள இருக்குற கம்பி சூடானா எலக்ட்ரான் கிளம்பி பிளேட்டுக்கு ஓடும். நடுவுல கிரிட்டுன்னு ஒரு வலை இருக்கு. அதுக்கு மைனஸ் வோல்டேஜைக் கூட்டுனா ஓட்டம் நின்னுரும். குறைச்சா மறுபடி ஓடும். அப்ப இதுவும் ஒரு சுவிட்சுதான ராசா?"

ஓடினால் 1, நின்றால் 0. வகுப்பில் மண்டையில் ஏறாத பைனரி அப்போதுதான் ஏறியது. நாலு சுவிட்சுக்கு 8, 4, 2, 1 என்று மதிப்பு வையுங்கள். 2-ஐ மட்டும் அணைத்து மற்றதைப் போட்டால் 1101. கூட்டிப் பாருங்கள், 13!

1947-இல் டிரான்சிஸ்டர் வந்தது. அதே சுவிட்சு வேலை, ஆனால் சூடாக்கும் கம்பி வேண்டாம், இடமும் கொஞ்சம் போதும். இன்று ஒரு செல்போன் சில்லுக்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. டிஃப்ராக்கின் நினைவகமோ 2,048 சொற்கள், ஒவ்வொன்றும் 40 பிட். மொத்தமே 10 கிலோபைட். இந்தக் கட்டுரையை யூனிகோடில் டைப் செய்தால் அதில் பெரும்பகுதி நிறைந்துவிடும்.

"பெட்டியைப் போட்டுட்டேனே தாத்தா, தப்புதான்" என்றேன். "போனது போகட்டும். ஒண்ணு இருக்குல்ல? உங்க பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்க் காட்டு" என்றார்.

அந்த வால்வு இந்த வாரம் கணினி அறையில் இருக்கும். எல்லோரும் வந்து பாருங்கள். கண்ணாடி, பத்திரம்! அப்புறம் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதை எடைக்குப் போடுவதற்கு முன்னால் தாத்தா பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

– 11-ஆம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு