அரைக்கைச் சட்டையும் கைக்குழியும்

முழுக்கைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே நறுக்கி மடித்து அடித்தால் அரைக்கைச் சட்டை வந்துவிடும் என்று இன்று தையல் கற்க வரும் பிள்ளைகள்கூட நம்புகிறார்கள். ஒரே பேட்டர்னை வைத்து இரண்டையும் வெட்டித் தள்ளும் ரெடிமேட் வழக்கம் பரப்பிய நம்பிக்கை இது. கத்தரி பிடித்துப் பிழைப்பவன் என்ற முறையில் இதை ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அரைக்கை ஒரு தனிச் சட்டை. அதற்கு வெட்டும் தனி. கோடையில் அது உடம்புக்கு இதமாக இருப்பது கையின் நீளத்தால் பாதிதான். மீதி, கையும் உடலும் சேரும் கைக்குழியிலும் கையின் வாய் அகலத்திலும் இருக்கிறது. கடை கடையாக ஏறிச் சட்டை வாங்குகிறவர்கள் காலரைப் பார்க்கிறார்கள், பட்டனைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள். கைக்குழியை யாரும் பார்ப்பதில்லை.

ஜவ்வாது மலையின் கோடையை வைத்தே இதை விளக்கலாம். மலை என்றதும் ஊட்டியை நினைத்துக்கொண்டு அங்குள்ள ஜமுனாமரத்தூருக்குத் தடித்த துணியில் சட்டை எடுத்து வருகிறவர்கள் உண்டு. அதே மலையில் வானாய்வகம் இருக்கும் காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் கீழே வேலூரில் 40 டிகிரி அடிக்கும் நாளில் மேலே மூன்று, நான்கு டிகிரிதான் குறைச்சல். ராத்திரிக்குப் போர்வை கேட்கும் மலைதான். உச்சிவேளையில் முதுகு நனையாமல் விடாது. அந்த வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். அதற்குக் காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழி வேண்டும். சட்டைக்குக் கழுத்து, இரண்டு கைவாய், கீழ்விளிம்பு என்று நான்கு வழிகள். முழுக்கையில் கஃப் பட்டனைப் போட்டதும் இரண்டு அடைபட்டுவிடும். அரைக்கை அந்த இரண்டையும் திறந்துவிடுகிறது. நடக்கும்போது கை வீச வீச அகன்ற வாய் வழியாகக் காற்று அக்குள் வரை ஏறி இறங்கும். இப்போதைய மோஸ்தரில் கைவாய் புஜத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. திறந்த வழியைத் திரும்ப அடைப்பதற்கு எதற்கு அரைக்கை? புஜத்தின் சுற்றளவுக்கு மேல் மூன்று அங்குலமாவது வாய் விரிந்திருக்க வேண்டும்.

இனி கைக்குழிக்கு வருகிறேன். தொழிலில் பழகியவனையும் திணற வைப்பது இதுதான். கோடை தொடங்கும்போது மலையில் புளி உலுக்கும் வேலை நடக்கும். மரமேறுகிறவருக்கும் கீழே நின்று தொரட்டி பிடிக்கிறவருக்கும் கை தலைக்கு மேலேதான். சட்டை சரியில்லையென்றால் கை தூக்கிய மறுகணம் கீழ்விளிம்பு இடுப்புக்கு மேல் ஏறி, முதுகுப் பக்கம் இழுத்துப் பிடிக்கும். உடனே எல்லோரும் கேட்பது, ‘ஆம்ஹோலை இன்னும் கொஞ்சம் லூஸா இறக்கி வைங்க’ என்பதுதான். இறக்கினால் இழுவை கூடும். கையும் உடலும் சேரும் தையல் அக்குளை விட்டு எவ்வளவு கீழே போகிறதோ, கை தூக்கும்போது அவ்வளவுக்குப் பக்கத் துணி முழுவதும் சேர்ந்து மேலே வரும். கை மடங்கித் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் தையல் இருந்தால் கை மட்டும் போகும், சட்டை நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே கைக்குழி மேலே இருக்க வேண்டும். ரொம்ப மேலே போனால் வியர்த்த அக்குளில் உரசிப் புண்ணாக்கும். அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். மூட்டை சுமந்து ஒரு தோள் இறங்கியவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. மார்பளவை மட்டும் வைத்து எஸ், எம், எல் என்று பிரிக்கும் சைஸில் இது எங்கே அடங்கும்? கைக்குழியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது கையின் தலைப்பக்க வளைவு. வளைவு உயரமாக இருந்தால் கை தொங்கவிட்டு நிற்கும்போது மடிப்பே விழாது, தூக்கினால் பிடிக்கும். அரை அங்குலம் தாழ்த்தினால் கை தாராளமாக எழும்; சும்மா நிற்கும்போது அக்குளில் கொஞ்சம் துணி சேரும். வளைவின் நீளம் கைக்குழிச் சுற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், உயரம் குறைத்தால் கையின் அகலம் தானாகக் கூடும். முழுக்கையில் அந்த அகலத்தை மணிக்கட்டுக்குள் கொண்டுவந்து ஒடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. அரைக்கையில் அந்தக் கட்டாயம் இல்லை. கூடின அகலம் அப்படியே வாய்க்குப் போய்விடும். கை தூக்கும் வசதியும் காற்றும் ஒரே வெட்டில் கிடைத்துவிடும். முழுக்கைப் பேட்டர்னை நறுக்குகிறவன் இந்த லாபத்தைக் கத்தரித்துக் குப்பையில் போடுகிறான்.

வெட்டவெளி வெயிலுக்கு முழுக்கைதானே நல்லது என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். மரமில்லாத கொல்லையில் சாமைக்கு உழுகிறவரும், உண்ணிச்செடிப் புதரில் நுழைகிறவரும் தொளதொளப்பான முழுக்கைதான் போட வேண்டும். அரைக்கை நிழலில் வேலை செய்கிறவருக்கும், பஸ்ஸிலும் கடையிலும் ஆபீஸிலும் இருப்பவருக்கும் உரியது. கோடையில் நம்மில் பெரும்பாலோர் நாளைக் கழிப்பது அங்கேதான். அரைக்கையில் மரியாதை இல்லை என்ற பேச்சுக்குக் காமராஜர் ஒருவரே போதும். முழங்கையைத் தொடும் அந்தக் கதர்ச் சட்டையின் கை எவ்வளவு அகலம் என்று படங்களைப் பார்த்தாலே தெரியும். ஜப்பானில் 1979-இல், எண்ணெய் நெருக்கடியின்போது, பிரதமர் ஒஹிரா கோட்டின் கையைக் குறைத்து அரைக்கை சூட் அணிந்து காட்டினார், ஊர் ஏற்கவில்லை. 2005-இல் ஆபீஸ் ஏசியை 28 டிகிரியில் வைக்கச் சொல்லி, கோட்டும் டையும் வேண்டாம் என்று அரசு சொன்னபோது அரைக்கைச் சட்டை நிலைத்துவிட்டது. வேறொன்றின் கையை வெட்டிச் செய்த உடுப்பு நிற்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பாலியெஸ்டர் சீக்கிரம் உலரும், இஸ்திரி வேண்டாம் என்கிறார்கள். உலர்வது உண்மை. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும்; பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் சட்டைக்குள் வியர்வை தோலிலேயே நிற்கும். மெல்லிய பருத்தி பாப்ளினோ கைத்தறித் துணியோ எடுங்கள். வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போடச் சொல்லுங்கள். ஊறப் போடாமல் தைத்த பருத்தி முதல் சலவையிலேயே சுருங்கி, எவ்வளவு பார்த்து வெட்டிய கைக்குழியையும் கெடுத்துவிடும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று ஓவர்லாக் ஓட்டி, முரட்டு விளிம்பை அக்குளில் விட்டு அனுப்பும் கடைகள் பெருகிவிட்டன. தையல்கூலி கொடுத்துத் தைப்பதைவிட ரெடிமேட் மலிவு என்பது நிஜம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரெடிமேட் வாங்கினாலும் கடைக் கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். கீழ்விளிம்பு நாலு விரலுக்கு மேல் ஏறினால் அந்தச் சட்டையை மடித்து அங்கேயே வைத்துவிடுங்கள்.