35 என்ற எண்

திங்கள்

எந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினியாகிய பி.எல்.சி.யின் நிரலில் ஓர் எண் மட்டும் இருந்து அதன் காரணம் எழுதப்படாமற்போனால் என்ன நேரும் என்பதை, மண்ணூரிலுள்ள உதிரிபாக ஆலையொன்றில் வெல்டிங் லைன் நின்றுபோனது காட்டியது. கிளாம்ப் மூடியபின் ரோபோ காத்திருக்க வேண்டிய நேரம் 35 என்று இருந்தது. 100 மில்லிநொடிகளை ஓர் அலகாக எண்ணும் டைமருக்கு அது 3.5 நொடி. ஓர் உருப்படி முடிய ஆகும் நேரமாகிய சைக்கிள் டைமைக் குறைக்க முனைந்தவர்கள் அதனை 20 ஆக்கியதால், கிளாம்பின் காற்றழுத்தம் நிலைபெறுமுன் வெல்டிங் தொடங்கி, உருப்படிகள் கோணலாயின.

செவ்வாய்

நிரலை எழுதியவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியபின் இப்பகுதியில் பெருகிய உதிரிபாக ஆலைகளில் ஆள் மாறுவது இயல்பு. நிரல் மட்டும் அங்கேயே இருக்கிறது.

வியாழன்

ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துக் குறை சுட்டும் கோட் ரிவ்யூவுக்கு, இளம் பொறியாளர் ஒருவர் திருத்திய நிரல் அனுப்பப்பட்டது. ‘எம்112 என்ற நினைவக முகவரி எதைக் குறிக்கிறது?’ என்பது போன்ற கேள்விகளோடு அது திரும்பி வந்தபோது, அவர் அவற்றைத் தம் திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு கேன்டீனில் தனியே அமர்ந்தார். ஐ.பி.எம்.மின் மைக்கேல் ஃபேகன், நிரலாய்வை முறைப்படுத்தி 1976இல் எழுதிய கட்டுரையிலேயே, ஆய்வில் கிடைக்கும் பிழைகளைக் கொண்டு நிரலாளரை மதிப்பிடக்கூடாது என்று எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கை மண்ணூருக்கும் தேவை.

வெள்ளி

லைன் ஓடுகிறது, 35 மீண்டும் 35.

ஞாயிறு, இரவு ஷிப்ட்

ஏணிப்படிகள் போல வரையப்படும் லேடர் நிரல், ரிலே சுற்று வரைபடத்தைப் படித்துப் பழகிய எலக்ட்ரீஷியன்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே, 1960களின் இறுதியில் டிக் மார்லியின் குழு உருவாக்கிய மோடிகான் போன்ற தொடக்ககால பி.எல்.சி.களில் இடம்பெற்றது. அத்தகைய எலக்ட்ரீஷியன் ஒருவர் பேனல் முன் நின்று, பொறியாளர் புதிதாகச் சேர்த்த ‘டைமரில் 35 ஏற்றப்படுகிறது’ என்ற குறிப்பைப் படித்துவிட்டு, “அது பாத்தாலே தெரியுது சார், ஏன் 35?” என்றார். பொறியாளர் அந்த வரியை அழித்து, ‘கிளாம்ப் அழுத்தம் நிலைபெறும் வரை காத்திருப்பு, பிரஷர் ஸ்விட்ச் இல்லை’ என்று எழுதினார், எழுதியபின் நெடுநேரம் அதன் கடைசிச் சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்

அழுத்தம் வந்துவிட்டதை நேரடியாக உணர்த்தும் பிரஷர் ஸ்விட்சைப் பொருத்தினால் காத்திருப்பு நேரத்தை ஊகிக்க வேண்டியதில்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த கோரிக்கைக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. அடுத்த ஸ்டேஷனின் நிரலில் 60 என்ற ஓர் எண் இருக்கிறது. அதன் காரணம் எவருக்கும் தெரியவில்லை.