முப்பத்தெட்டாயிரம் பேரில் ஒருத்தர்கூடவா?

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரின் கடைசி எபிசோட் 2009 மார்ச் 20 அன்று ஒளிபரப்பானது. நான் அப்போது பொறியியல் மாணவன். விடுதி லேனில் யாரோ ஒரு புண்ணியவான் பகிர்ந்து வைத்திருந்த ஃபோல்டரில் இருந்துதான் நான்கு சீசன்களையும் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தொடர்களைப் பாதியில் விட்டிருக்கிறேன், சிலவற்றின் முடிவு மோசம் என்று திட்டிவிட்டு மறுநாளே மறந்திருக்கிறேன். இது மட்டும் மறக்கவில்லை. ஒரு தொடர் மோசமாக முடிவது வேறு, தான் கேட்ட கேள்வியைத் தானே கைவிட்டு முடிவது வேறு. (இந்தக் கட்டுரையில் முடிவு முழுக்க வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம். நான்கு சீசனையும் பாருங்கள் என்றே இன்றும் சொல்வேன்.)

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு கோள்களில் வாழும் மனிதர்கள். அவர்கள் உருவாக்கிய சைலான் என்ற இயந்திரங்கள் ஒருநாள் திரும்பி வந்து அணுகுண்டு போடுகின்றன. மிஞ்சியது சுமார் ஐம்பதாயிரம் பேர், சில டஜன் பயணக் கப்பல்கள், ஒரு கிழட்டுப் போர்க்கப்பல். கலாக்டிகா தப்பித்த காரணம்தான் என்னை முதலில் கவிழ்த்தது. மற்ற போர்க்கப்பல்களில் எல்லாம் புத்தம் புதிய நேவிகேஷன் மென்பொருள் இருந்தது. அதை எழுதிய விஞ்ஞானி கயஸ் பால்டார், தன் காதலி யாரென்று தெரியாமல் அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தான். அவள் அதில் ஒரு பின்வாசல் வைத்துவிட்டாள். சண்டை தொடங்கியதும் எல்லாக் கப்பல்களும் கரண்ட் போன வீடு மாதிரி அணைந்துவிட்டன. கலாக்டிகாவின் தளபதி அடாமா மட்டும் தன் கப்பலில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். அங்கே தொலைபேசிக்கும் வயர்தான். அன்றைக்கு அந்தக் கப்பலை மியூசியமாக மாற்றும் விழா வேறு. 'லெகசி சிஸ்டம்' என்று நாங்கள் அலுவலகத்தில் கேலி செய்யும் ஒரு பொருள் மனித குலத்தைக் காப்பாற்றுகிறது. ஒரு ப்ரோக்ராமருக்கு இதைவிட இனிப்பான கதை உண்டா?

அந்த விழாவில் அடாமா பேசும் உரையில்தான் தொடரின் கேள்வி இருக்கிறது. நாம் பிழைத்திருக்கத் தகுதியானவர்களா என்று கேட்கிறார். உயிரை நாமே படைத்தோம், அது நமக்கு எதிராகத் திரும்பியதும் எங்கள் தப்பில்லை என்றோம். படைத்துவிட்டுக் கையைக் கழுவ முடியாது என்கிறார். இந்த உரை முடிந்த சில மணி நேரத்தில் உலகம் அழிகிறது. அடுத்த நான்கு சீசன்களும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அந்தப் பதிலைத் தொடர் எவ்வளவு நேர்மையாகத் தேடியது என்பதற்கு '33' என்ற எபிசோட் போதும். ஒவ்வொரு 33 நிமிடத்துக்கும் எதிரி வந்துவிடுகிறான். ஐந்து நாட்களுக்கு மேல் யாரும் தூங்கவில்லை. 1,345 பேர் இருக்கும் ஒரு பயணக் கப்பலில் எதிரியின் அணுகுண்டு இருக்கலாம் என்று சந்தேகம். சொந்த மக்களின் கப்பலைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். சரியா தப்பா என்று தொடர் தீர்ப்புச் சொல்வதில்லை. அதிபர் லாரா ராஸ்லினிடம் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கை அதில் மார்க்கரால் எழுதப்பட்டிருக்கும். யாராவது செத்தால் அழித்துக் குறைத்து எழுத வேண்டும். அந்த எபிசோட் ஒரு குழந்தை பிறந்த செய்தியோடு முடியும், ராஸ்லின் எழுந்து போய் ஒன்றைக் கூட்டுவார். ஒவ்வொரு தலையையும் எண்ணிய தொடர் இது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முடிவுக்கு வருவோம். கடைசிப் போருக்குப் பிறகு கப்பல்கள் ஒரு பச்சைக் கோளை அடைகின்றன. அது நம் பூமி, 1,50,000 ஆண்டுகளுக்கு முன்பு. அங்கே மொழிகூட இல்லாத ஆதி மனிதர்கள் ஈட்டியோடு திரிகிறார்கள். நகரம் கட்டலாம் என்ற பேச்சு எழும்போது அடாமாவின் மகன் லீ, வேண்டாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறான். அவ்வளவுதான். மொத்தக் கப்பல்களையும் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, சுமார் 38,000 பேரும் ஆளுக்கொரு மூட்டையோடு புல்வெளியில் பிரிந்து போகிறார்கள்.

இந்த முடிவைத் திட்டியவர்களில் பெரும்பாலோர் கடவுளைத்தான் திட்டினார்கள். பால்டாரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த பெண் தேவதூதராம். செத்துத் திரும்பி வந்த விமானி காரா த்ரேஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே புல்வெளியில் மாயமாகிவிடுகிறாள், விளக்கம் கிடையாது. "அறிவியல் புனைவுன்னு சொல்லிட்டுக் கடைசில சாமி படம் காட்டிட்டானுவ" என்றான் அறைத்தோழன். எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. முதல் எபிசோடிலிருந்தே அந்தப் பெண் கடவுளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். தவிர, நம் ஊர்க் கதைகளில் வளர்ந்தவனுக்கு ஒருத்தி மறைந்து போவது அதிர்ச்சியா என்ன? கண்ணகி வேங்கை மரத்தடியில் நின்று வானேறிப் போகிறாள். ஆனால் சிலப்பதிகாரம் அங்கே முடிவதில்லை. அதற்குப் பிறகு ஒரு முழுக் காண்டம் இருக்கிறது. மன்னன் இமயம்வரை போய்க் கல் எடுத்து வந்து கோயில் கட்ட வேண்டியிருக்கிறது. அற்புதம் நடந்து முடிந்ததும் மிச்சமிருப்பவர்களுக்கு வேலை இருக்கிறது என்பதை இளங்கோவுக்குத் தெரிந்திருந்தது. கலாக்டிகா அற்புதத்தைக் காட்டிவிட்டு வேலையை ரத்து செய்துவிட்டது. என் வழக்கு அதுதான்.

முதலில் அந்தத் தீர்மானம் எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். இரண்டாம் சீசன் முடிவில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது: வழியில் கிடைத்த ஒரு சுமாரான கோளில் குடியேறுவதா, பயணத்தைத் தொடர்வதா? அதற்குத் தேர்தலே நடந்தது. ராஸ்லின் தரப்பு கள்ள வாக்குப் போட்டுப் பிடிபட்டது, அவரும் நேர்மைக்குக் கட்டுப்பட்டு விலகினார், பால்டார் ஜெயித்தான். குடியேறினார்கள், சைலான்கள் வந்து ஆக்கிரமித்தார்கள். மக்கள் தப்பான முடிவை எடுத்தாலும் அது மக்களின் முடிவு என்ற வலியை அந்தத் தொடர் விடாமல் காட்டியது. நான்காம் சீசனில் சைலான்களோடு கூட்டணி வைக்க எங்களைக் கேட்டீர்களா என்று ஒரு கலகமே வெடிக்கிறது. கேட்டா என்ற நல்ல அதிகாரி அந்தக் கலகத்தை நடத்திச் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவன் சாவு என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது, ஏனென்றால் அவன் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது.

இப்படிப்பட்ட மக்கள் மருந்து, கூரை, விளக்கு, பாதுகாப்பு அத்தனையையும் சூரியனில் போட ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் சம்மதிக்கிறார்கள். எழுதியவர்களுக்கே இது உறுத்தியிருக்கிறது. எல்லாரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது ஆச்சரியம் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. புதுப் பலகையில் எழுதும் ஆசையைக் குறைத்து எடைபோடாதீர்கள் என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது. தீர்ந்தது. தேர்தலுக்குப் பல எபிசோட், கலகத்துக்கு இரண்டு எபிசோட், நாகரிகத்தைக் கைவிடுவதற்கு ஒரு வரி.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். தென்காசிப் பக்கம் ஒரு குளத்துப் பாசனக் கிராமம் எங்களுடையது. அம்மா அரிசி களைந்தபடியே கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஏல, அந்தாப் பெரிய கூட்டத்துல மாசமா இருக்கிற புள்ள ஒண்ணுகூடவா இல்ல?"

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் ஆச்சி எட்டுப் பெற்றவள், வளர்ந்தவர்கள் ஐந்து பேர். மற்ற மூன்று பேருக்கும் பேர் வைத்திருந்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆச்சியின் காலத்தில் டவுன் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில்தான் போக வேண்டும். கருவி இல்லாத வாழ்க்கை எங்கள் வீட்டில் ஒரு தத்துவமாக இருந்ததில்லை. அது ஒரு கணக்காக இருந்தது, எட்டில் மூன்று கழித்தல். வெள்ளைப் பலகையில் ஒரு குழந்தைக்காக எண்ணைக் கூட்டி எழுதிய தொடருக்கு இந்தக் கழித்தல் எப்படித் தெரியாமல் போனது?

லீயின் ஆசை எனக்குப் புரியாத ஆசை அல்ல. ஐடி வேலையில் பத்து வருடம் ஓட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வேலையை விட்டுவிட்டு ஊரில் இயற்கை விவசாயம் பண்ணப் போகிறேன் என்று. பழைய கோடைப் பார்த்ததும் எங்களுக்கு வரும் முதல் வெறியும் அதுதான்: தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவோம். பழைய கோடில் அசிங்கமாகத் தெரியும் ஒவ்வொரு வரியும் எப்போதோ ஒருநாள் யாரோ ஒருவரைக் காப்பாற்ற எழுதப்பட்டது என்பது பிறகுதான் புரியும். கலாக்டிகாவில் வயர் வைத்த தொலைபேசி இருந்ததும் அப்படித்தானே? பழைய போரின் தழும்பு அது. அந்தத் தழும்புதான் எல்லாரையும் காப்பாற்றியது. அந்தக் கப்பலையே சூரியனில் போட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு காட்சி மட்டும் இன்றும் என்னை அழவைக்கிறது. பால்டார் ஏரிலான் என்ற விவசாயக் கோளில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவன். அதை வெறுத்து, சின்ன வயதிலேயே தன் பேச்சு வழக்கை உதறி, தலைநகரத்துக்காரன் போலப் பேசப் பழகியவன். கடைசியில் காதலியோடு புல்வெளியில் நடக்கும்போது எங்கே நிலம் உழலாம் என்று யோசிக்கிறான். எனக்கு விவசாயம் தெரியும் என்று சொல்லிக் குரல் உடைந்து அழுகிறான். இதை எழுதும் நான் சென்னை வந்த முதல் வருடத்திலேயே 'வந்தாவ', 'போனாவ' எல்லாவற்றையும் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டவன். போனில் அப்பாவிடம் மட்டும் அது தானாக வெளியே வரும். பால்டார் யாரென்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் காட்சியையும் இந்த முடிவு காப்பாற்றவில்லை. விவசாயமும் ஒரு தொழில்நுட்பம்தான். விதை நெல்லை எப்படிக் காப்பது, மடையை எப்போது திறப்பது என்பதெல்லாம் பால்டாரின் அப்பா போன்ற ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் வரும். அவன் இறங்கியது 1,50,000 ஆண்டுகளுக்கு முன்பு. மனிதர்கள் பயிர் வைக்கத் தொடங்கியது ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அப்படியென்றால் பால்டார் உழுத நிலம் என்ன ஆனது? அவன் அழுது மீட்ட அந்த அறிவு எங்கோ ஒரு தலைமுறையில் செத்துவிட்டது. எழுத்தும் மருத்துவமும் அவர்கள் பேசிய மொழியும் அதோடு போயின. தொடர் இதை நம்பிக்கை என்று காட்டுகிறது. கணக்குப் போட்டால் அது ஒரு பெரும் மறதி.

ஏன் அந்த 1,50,000? மனிதத் தாய்க்கும் சைலான் தாய்க்கும் நடுவே தொடர் போட்ட முடிச்சு அது. 1987இல் ரெபெக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டு, இன்றைய மனிதர்கள் அனைவரின் தாய்வழியும் சுமார் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்று கட்டுரை எழுதினார்கள். அவளுக்கு 'மைட்டோகாண்ட்ரியல் ஏவாள்' என்று பெயர் வந்தது. மனிதத் தந்தைக்கும் சைலான் தாய்க்கும் பிறந்த ஹீரா என்ற சிறுமிதான் அவள் என்று தொடர் முடிகிறது. நம் எல்லோருடைய செல்லிலும் ஒரு சைலான் தாயின் துணுக்கு இருக்கிறது. அழகான யோசனை, சும்மா சொல்லக் கூடாது.

ஆனால் அந்தச் சொல்லின் பொருளைக் கவனியுங்கள். இனிஷியல் அம்மாவிடமிருந்து மகளுக்கு மட்டும் போகும் ஒரு ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளைகள் மட்டும் பெற்றவளின் இனிஷியல் அவளோடு நின்றுவிடும். பல தலைமுறை கழித்து ஊரில் ஒரே இனிஷியல்தான் மிஞ்சும். மற்றப் பெண்களின் ரத்தம் மகன்கள் வழியாக ஓடலாம், ஆனால் அம்மா, மகள், பேத்தி என்ற சங்கிலி அறுந்துவிட்டது. ஹீரா அந்த ஏவாள் என்றால், கப்பலில் வந்த மற்ற ஒவ்வொரு பெண்ணின் சங்கிலியும் அறுந்தது என்று பொருள். வெள்ளைப் பலகையில் ஒன்று ஒன்றாக எண்ணப்பட்டவர்கள் அவர்கள்.

தொடரை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர் கடைசி எபிசோட்களை எழுதும்போது கதை முடிச்சுகளில் திணறி, பாத்திரங்கள்தான் முக்கியம் என்று தனக்குத்தானே பலகையில் எழுதிக்கொண்டு மேலே போனதைச் சொல்லியிருக்கிறார். 2007 நவம்பரில் தொடங்கி மூன்று மாதம் நீடித்த எழுத்தாளர் வேலைநிறுத்தம் நான்காம் சீசனை நடுவில் அறுத்தது. டைட்டிலில் சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் சொன்னார்களே, அப்படியொன்று எழுதுபவர்களிடம் முதலிலிருந்தே இருந்ததில்லை. தொலைக்காட்சி அப்படித்தான், ஓடிக்கொண்டே தண்டவாளம் போடும் வேலை. இதற்காக யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பாத்திரங்கள் என்ற வகையில் ஜெயித்துமிருக்கிறார்கள். ராஸ்லின் விமானத்தில் கண்மூடியதும் அடாமா தன் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போடும் இடத்தில் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் பெயருள்ள பத்துப் பேர் மட்டுமா பாத்திரங்கள்? இந்தத் தொடர் எனக்குக் கற்றுக் கொடுத்ததே பெயரில்லாதவரையும் எண்ண வேண்டும் என்பதைத்தான். பிரிட்ஜில் வைக்கும் இன்சுலினை நம்பி இருந்த கிழவர், கண்ணாடி உடைந்தால் பார்வையே இல்லாத பையன், அம்மா கேட்ட அந்த மாசமான பெண் என்று யாரோ ஒருவர் அந்தப் புல்வெளியில் கைதூக்கி, "நான் மாட்டேன், ஒரு கப்பலையாவது வெச்சுக்கலாம்" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் தோற்றிருக்கலாம். லீ ஜெயித்து, எல்லாமே சூரியனுக்குள் போயிருக்கலாம். அடாமா கேட்ட கேள்வியை அப்போதாவது ஒருவர் கடைசிவரை சுமந்திருப்பார்.

நான் வேலைசெய்த ஒரு இடத்தில் பழைய சிஸ்டம் ஒன்றை அணைக்கும் முன் ஒரு பட்டியல் போடுவோம்: இதை இன்னமும் யார் பயன்படுத்துகிறார்கள்? எப்போதும் எதிர்பாராத ஒருவர் இருப்பார். எங்கோ ஒரு கிளையில், மாதம் ஒருமுறை, ஒரே ஒரு அறிக்கை எடுப்பதற்காக. அவரைக் கூப்பிட்டுப் பேசாமல் சுவிட்சில் கை வைக்க மாட்டோம்.