ரிவர்ஸ் கியரில் ஒரு ஹீரோ!

ஃபைனல் இயர் படிக்கிறீங்களா? அப்போ இந்த சீன் உங்களுக்கு ஈஸியா புரியும்.

கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சு ஹாஸ்டல் முழுக்க ட்ரீட், கூச்சல், கும்மாளம். என் கையிலும் ஒரு ஆஃபர் லெட்டர். மணப்பாறை பக்கத்து ரயில்வே கீமேன் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லவே வேண்டாம். ஆனால், கம்பெனியில் சேர்ந்து ட்ரெயினிங் முடிந்த அன்றைக்குத்தான் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். என் ரூம்மேட்ஸ் மூணு பேருக்கும் டெவலப்மென்ட். எனக்கு மட்டும் டெஸ்டிங்!

"விடு மச்சி, அடுத்தவன் வேலையில குத்தம் கண்டுபிடிக்கிறதுதானே... உனக்கு நல்லாவே வரும்" என்று கலாய்த்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

டெஸ்டிங்கில் ஒரு கொடுமை உண்டு பாஸ். நீங்க வேலையை ஒழுங்கா செஞ்சா, எதுவுமே நடக்காது. சாஃப்ட்வேர் சமர்த்தா ஓடும். கைதட்டல் எழுதினவனுக்குப் போகும். ஒரே ஒரு தப்பு உங்க கண்ணைத் தாண்டிப் போயிடுச்சுன்னா, அன்னிக்கு மட்டும் எல்லாருக்கும் உங்க பேர் ஞாபகம் வரும்.

எனக்கும் அந்த நாள் வந்தது. 2011 ஜனவரி கடைசி. அப்போது நான் ஆன்சைட்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் இருந்தேன். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே கான்ஃபரன்ஸ் காலில் அனல். ஒரு பக் தப்பித்துப் போய் நேராகக் கஸ்டமர் கண்ணில் பட்டுவிட்டது. "டெஸ்டிங் டீம் தூங்கிட்டா இருந்தீங்க?" என்று ஒரு குரல். அந்த ஒரு வருஷத்தில் நான் பிடித்துக் கொடுத்த நூற்றுக்கணக்கான பக்ஸ் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்று இரவே ராஜினாமா மெயில் டைப் செய்தேன். அனுப்ப தைரியம் வரவில்லை. டிராஃப்ட்ஸில் போட்டு வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து சீட் அமெரிக்கர் ஒருவர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். "ஒரு டிக்கெட் அதிகமா இருக்கு, ஹாக்கி மேட்ச் வர்றியா?" என்றார்.

ஹாக்கி என்றதும் எனக்குத் தன்ராஜ் பிள்ளை ஞாபகம்தான் வந்தது. போய்ப் பார்த்தால், இது ஐஸ் ஹாக்கி! பாஸ்டன் ப்ரூயின்ஸ் டீமின் கோட்டையான டி.டி. கார்டன் அரங்கம். 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்குப் பளபளவென்று பனித்தரை. பந்துக்குப் பதில் 'பக்' என்ற கெட்டி ரப்பர் வட்டு. ஒரு இன்ச் கனம், மூணு இன்ச் அகலம். (ஆமாங்க, அங்கேயும் 'பக்'தான் என்னைத் துரத்துச்சு!) அது போகிற வேகத்துக்கு என் கண்ணால் ஈடுகொடுக்கவே முடியவில்லை.

"வட்டைப் பார்க்காதே. முதுகுல 33-ம் நம்பர் போட்டிருக்காரே, அவரை மட்டும் பாரு" என்றார் அந்த அமெரிக்கர்.

பார்த்தேன். பார்க்காமல் இருக்கவும் முடியாது. 6 அடி 9 அங்குலம்! ஸ்கேட்ஸ் மாட்டினால் ஏழடி! பெயர் ஸ்டெனோ சாரா. (பெயரைப் பார்த்து ஏதோ ஹீரோயின்னு நினைச்சிடாதீங்க!) என்.ஹெச்.எல். என்ற வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கில் ஆடியவர்களிலேயே மிக உயரமானவர் என்று பெயர் வாங்கியவர். ப்ரூயின்ஸின் கேப்டன். டிஃபன்ஸ்மேன்.

ஒரு டீமில் ஒரு நேரத்தில் ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். மூணு பேர் ஃபார்வர்டு, ஒருத்தர் கோலி, மிச்சம் ரெண்டு பேர் டிஃபன்ஸ்மேன். எதிராளி வட்டோடு பாய்ந்து வரும்போது, டிஃபன்ஸ்மேன் அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆமாம், ரிவர்ஸில்! எதிராளிக்கும் தனக்கும் நடுவே இருக்கிற இடைவெளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவரை மெதுவாகச் சுவர்ப் பக்கம் ஒதுக்கி, ஷாட் அடிக்க நேரம் கொடுக்காமல் மடக்க வேண்டும். அடித்தே விட்டால், குறுக்கே விழுந்து உடம்பால் தடுக்க வேண்டும். முக்கால் நிமிஷம் போல இப்படி ஆடிவிட்டு பெஞ்சுக்குப் போய் மூச்சு வாங்கலாம். அப்புறம் திரும்பவும் அதே வேலை.

அன்றைக்கு சாரா பக்கம் வந்த எத்தனையோ பேர், கடைசியில் அரங்கின் மூலையில் போய் நின்றார்கள். கோல் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே நடக்கவில்லை. யாரும் எழுந்து கைதட்டவும் இல்லை. எனக்கு மட்டும் சுருக்கென்றது. 'அட, இது நம்ம வேலையாச்சே!'

ரூமுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அவரைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

1977-ல், இப்போது ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ட்ரென்சீன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மல்யுத்த வீரர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காகக் களமிறங்கியவர். பையன் பனையாட்டம் வளர்ந்துகொண்டே போனதுதான் பிரச்னை. உயரம் அதிகமானால் ஸ்கேட்டிங்கில் திரும்புவதும் வளைவதும் கஷ்டம். 'தம்பி, நீ பேஸ்கட்பால் ஆடப் போயேன்' என்று கோச்சுகள் புத்திமதி சொன்னார்கள். நல்லவேளை, அவர் கேட்கவில்லை!

1996 டிராஃப்டில், அதாவது அவங்க ஊர் கேம்பஸ் இன்டர்வியூவில், 55 பேர் போன பிறகு 56-வது ஆளாக அவரை எடுத்தது நியூயார்க் ஐலண்டர்ஸ் டீம். உடனே பெரிய லீக்கா? இல்லை. 19 வயசில், கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊருக்குப் போய் ஜூனியர் லீக்கில் ஆடினார். அடுத்த சீசனில் என்.ஹெச்.எல். கதவு திறந்தது. ஐலண்டர்ஸில் நாலு சீசன், 231 ஆட்டங்கள், வெறும் 6 கோல்.

டிஃபன்ஸ்மேனுக்கு கோல் கணக்கு முக்கியமில்லைதான். ஆனால், 'பிளஸ்-மைனஸ்' என்று ஒரு மார்க் ஷீட் இருக்கிறது. நீங்கள் களத்தில் நிற்கும்போது உங்கள் டீம் கோல் அடித்தால் பிளஸ் ஒன்று, எதிரணி அடித்தால் மைனஸ் ஒன்று. (ஆள் குறையும்போது எதிரணி அடிக்கிற பவர்-பிளே கோல் இதில் சேராது.) 2000-01 சீசன் முடிவில் சாராவின் மார்க் என்ன தெரியுமா? மைனஸ் 27! நம்ம பாஷையில் சொன்னால், ஒரே செமஸ்டரில் எல்லா பேப்பரிலும் அரியர்.

2001-ல் அலெக்ஸி யாஷின் என்ற ஸ்டார் பிளேயரை ஒட்டாவா டீமிடமிருந்து வாங்க, ஐலண்டர்ஸ் பதிலுக்குக் கொடுத்த லிஸ்ட்டில் சாராவும் ஒருத்தர். கடையில் பழைய பொருளைக் கொடுத்துப் புதுசு வாங்குவோமே, அந்த மாதிரி.

ஒட்டாவா போன முதல் சீசனிலேயே அவர் மார்க் பிளஸ் 30. மைனஸ் 27-லிருந்து பிளஸ் 30! அதே ஆள், அதே உயரம். கூட ஆடினவர்களும் டீமும் மாறியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால், ஜிம்மில் அவர் விடாமல் கழித்த மணி நேரங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. 'இந்த உயரம் ஆகாது' என்றார்கள் இல்லையா? அந்த உயரத்தால்தான் அவர் கையும் ஸ்டிக்கும் சேர்ந்து பாதிக் களத்தை அடைத்தன. அதே நீளத்தை வைத்து 2012 ஆல்-ஸ்டார் போட்டியில் அவர் அடித்த ஒரு ஷாட்டின் வேகம் மணிக்கு 175 கி.மீ. ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் வீசிய பந்தே 161 கி.மீ.தான்!

2006-ல் பாஸ்டன் அவரை அழைத்துக் கேப்டன் ஆக்கியது. 2009-ல் லீக்கின் சிறந்த டிஃபன்ஸ்மேனுக்கான நோரிஸ் டிராஃபி. எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு. டிரெஸ்ஸிங் ரூமில் புதுப் பையன்களை 'ரூக்கி' என்று கூப்பிடுவதே அவருக்குப் பிடிக்காது. நம்ம ஊர் ராகிங் மாதிரி அங்கேயும் புதுசாக வருபவர்களைப் படுத்தி எடுக்கிற வழக்கம் உண்டு. அதுக்குத் தன் டீமில் முற்றுப்புள்ளி வைத்தார். 18 வயசோ 40 வயசோ, எல்லாரும் சமம்னு சொன்ன சீனியர். உங்க காலேஜ்ல இப்படி ஒருத்தர் இருந்தா கொண்டாடுங்க!

அதுக்காக அவர் மகாத்மா என்று சொல்ல வரவில்லை. அதே 2011 மார்ச் 8, மான்ட்ரியலில் நடந்த ஆட்டம். ஓடி வந்த மேக்ஸ் பசியோரெட்டியை சாரா இடிக்க, அவர் தலை பெஞ்சு ஓரத்து கம்பத்தில் மோதியது. கழுத்தெலும்பில் முறிவு, மூளை அதிர்ச்சி. சாராவை ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். லீக் மேற்கொண்டு தடை விதிக்கவில்லை. போலீஸ் விசாரணை வரை போனது, வழக்கு போடவில்லை. என் ஆபீஸிலேயே ரெண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். எனக்கு அன்று அந்த விளையாட்டே கசந்தது. பசியோரெட்டி மீண்டு வந்து அடுத்த சீசனில் 33 கோல் அடித்த பிறகுதான் மனசு கொஞ்சம் லேசானது. தடுக்கிற வேலையில் ஒரு நொடி தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

ஜூன் மாதம், ஸ்டான்லி கோப்பை ஃபைனல். எதிரே வான்கூவர். அந்த சீசனில் லீக்கிலேயே அதிக கோல் அடித்த டீம். ஃபைனலின் முதல் ரெண்டு ஆட்டமும் பாஸ்டனுக்குத் தோல்வி. ஆனால், ஏழு ஆட்டம் முடிந்தபோது வான்கூவர் அடித்திருந்த மொத்த கோல் எவ்வளவு தெரியுமா? எட்டே எட்டு! கோலி டிம் தாமஸ் மலையாக நின்றார். அவருக்கு முன்னால் சாராவும் அவர் ஜோடி டென்னிஸ் செய்டன்பெர்கும். ஜூன் 15, கடைசி ஆட்டம் 4-0. பாஸ்டனுக்கு 39 வருஷத்துக்குப் பிறகு கோப்பை. அந்த பிளே-ஆஃப் முழுக்க சாரா அடித்த கோல் ரெண்டுதான். ஆனால், கோப்பையை முதலில் தூக்கியது அவர். அவ்வளவு உயரத்துக்கு அதை வேறு யார் தூக்கியிருக்க முடியும்!

ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேனே. அந்த முதல் மேட்ச் பார்த்த ராத்திரி, அப்பாவுக்குப் போன் போட்டேன். ஊரில் காலை நேரம். பக் தப்பிச்ச கதை, கான்ஃபரன்ஸ் கால், டிராஃப்ட்ஸில் கிடக்கும் மெயில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா தினமும் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்து கிடக்கிற சாவியைத் தட்டி இறுக்குகிறவர். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்.

"ஏன்டா... முப்பது வருஷமா லைன்ல நடக்கிறேன். என்னிக்காவது 'நேத்து வைகை எக்ஸ்பிரஸ் கவிழலை'ன்னு பேப்பர்ல நியூஸ் போட்டிருக்கானா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

"ரயில் போயிருச்சுன்னா நாம வேலை பார்த்திருக்கோம்னு அர்த்தம். சாப்ட்டுட்டு தூங்கு. தப்பிச்சது எதுல தப்பிச்சுதுன்னு காலையில போய்ப் பாரு."

மறுநாள் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்லணும்னா, அது என் தப்புதான். நான் சோம்பேறித்தனமாக விட்ட ஒரு டெஸ்ட் கேஸ். கால் போட்டு ஒத்துக்கொண்டேன். அதுக்காக யாரும் பாராட்டவில்லை, சம்பளமும் ஏறவில்லை. ஆனால், அந்த மெயிலை நான் அனுப்பவே இல்லை. இன்னிக்கும் நான் டெஸ்டிங்தான். இப்போ யாராவது கேட்டால் 'டிஃபன்ஸ்மேன்' என்று சொல்லிக்கொள்கிறேன்!

சாரா அதுக்கப்புறமும் நிற்கவில்லை. 2019 ஃபைனலில் வட்டு முகத்தில் பட்டுத் தாடை உடைந்தது. அடுத்த ஆட்டத்துக்கே முழு முகக் கவசத்தோடு வந்து நின்றார். பாஸ்டன் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கோப்பை கிடைக்கவில்லை, ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். 2022 பிப்ரவரியில், அவரை ஒரு காலத்தில் கைகழுவிய அதே ஐலண்டர்ஸ் ஜெர்சியில், என்.ஹெச்.எல்லில் அதிக ஆட்டம் ஆடிய டிஃபன்ஸ்மேன் என்ற சாதனையைப் படைத்தார். மொத்தம் 1,680 ஆட்டங்கள். அந்த செப்டம்பரில், 45 வயசில், ஒரே ஒரு நாள் ஒப்பந்தத்தில் பாஸ்டன் வீரராகக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றார். 2025-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

அதனால ஃப்ரெண்ட்ஸ், நாளைக்கு உங்க கையில ஒரு லெட்டர் வரும். நீங்க கேட்ட வேலை அதுல இல்லாமலும் போகலாம். 'நீ இதுக்கு செட் ஆக மாட்டே'ன்னு யாராவது சொல்லலாம். ஒரு மைனஸ் 27 வருஷம்கூட வரலாம். அன்னிக்கு ராத்திரியே மெயில் அனுப்பிடாதீங்க. டிராஃப்ட்ஸ்ல போட்டுட்டு, தப்பு எங்கேன்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. ரிவர்ஸ்ல போறது எல்லாமே தோல்வி இல்லை.

அப்புறம் இன்னொண்ணு. உங்க வீட்டுலயும் ஒரு டிஃபன்ஸ்மேன் இருப்பாங்க. அவங்க வேலை பார்த்ததாலதான் உங்களுக்கு எதுவும் நடக்காம இருந்திருக்கும். இந்தப் பக்கத்தை மூடி வெச்சுட்டு, அவங்களுக்கு ஒரு போன் போடுங்களேன்!