டாக்டர் தீட்டிய தெரு

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது சுதீர் பட்வர்தனின் தொழில். தெருவைத் தீட்டுவது அன்றாடப் பழக்கம். தாணேயில் 2005 வரை இரண்டும் சேர்ந்தே நடந்தன. ஓவியத்தைத் தானாகவே கற்ற இந்த டாக்டருக்குக் கண்ணில் படும் மும்பைதான் கரு: ரயில் பயணி, இரானி ஹோட்டல், தொழிலாளி. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், முகம் தெரியாது. முகம் பார்க்கத் தெருவுக்குத்தான் வரவேண்டும்.

1982-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் மும்பையின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த ஆலைப் பகுதியை 2001-ல் 'லோயர் பரேல்' என்ற ஓவியமாக்கினார் பட்வர்தன். இன்று அங்கே ஷாப்பிங் வளாகங்கள், அலுவலகக் கோபுரங்கள். வேலை இழந்தவர்களுக்கு ஓவியம் சோறு போடவில்லைதான். ஆனால், அவர்கள் இந்தத் தெருவில் நடந்தார்கள் என்பதற்கு மற்ற சாட்சிகள் குறைந்துகொண்டே வருகின்றன.