வெயில் ஊரில் ஒரு குளிர்க் கேள்வி

தூத்துக்குடியில் வெயில் வரவேற்காத விருந்தாளி கிடையாது. துறைமுகச் சாலையில் நாம் சென்றபோது உப்பளங்களின் வெண்குவியல்கள் கண்ணைக் கூசச் செய்தன. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர் அல்லவா இது? முத்துக் குளிப்பு நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. இன்று ஊரார் பெருமையுடன் சொல்வது, சில்லாநத்தத்தில் 2025 ஆகஸ்டு 4-ந் தேதி திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலையைப் பற்றி.

கடற்கரையில் நம் பழைய மாணவன் ஒருவனின் தாயாரைச் சந்தித்தோம். பையன் லடாக்கிலுள்ள லே நகரில் உத்தியோகம் பார்க்கிறான். மின்சாரக் கார் வாங்கப் போகிறானாம்.

"வாத்தியாரையா, இந்த வெயிலிலே செய்கிற வண்டி அந்தப் பனியிலே ஓடுமா? நடு வழியில் நின்றுவிட்டால் பிள்ளை என்ன செய்வான்?" என்றார் அம்மையார்.

கேள்வி நியாயமானதே. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் குளிர்கால இரவுகள் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும். பாட்டரிக்குள் லித்தியம் அயனிகள் ஒரு திரவத்தின் வழியே போய்வருவதால்தான் மின்சாரம் கிடைக்கிறது. குளிரில் அவற்றின் நடை தளர்கிறது. வண்டி ஓடும் தூரம் குறைகிறது. உறைநிலையில் வேகமாக மின்சாரம் ஏற்றினால், லித்தியம் தகட்டின் மேல் உலோகமாகப் படிந்து பாட்டரியின் ஆயுளையும் குறைக்கும்.

ஆகவே புறப்படுமுன் பாட்டரியைச் சூடாக்க வேண்டும். 400 கிலோ பாட்டரியை 20 டிகிரி சூடாக்க இரண்டு யூனிட்டுக்குச் சற்று அதிகம் செலவாகும். அது சுமார் 12 கிலோமீட்டர் ஓடப் போதுமான சக்தி. வீட்டு மின் இணைப்பைக் கழற்றுமுன் சூடாக்கினால் செலவு வீட்டு மின்சாரத்தோடு போகும்; கழற்றிய பின் சூடாக்கினால் பிரயாணத்திலிருந்து கழியும். புறப்படும் நேரத்தை முன்கூட்டிக் குறித்துவிட்டால் தானே சூடாக்கிக்கொள்ளும் கார்களும் உண்டு. கடைத்தெரு வரை போய்வர இந்தச் செலவு வேண்டியதில்லை, நெடுவழிக்கே வேண்டும். இரவு வீடு திரும்பியதும், ஓடிய சூடு ஆறுமுன் மின்சாரம் ஏற்றுவதும் நல்லது.

அம்மையார் சிரித்தார். "தோசைக்கல் கதைதான் இதுவும். காயாமல் மாவை வார்க்கக் கூடாது. காய்ந்த பிறகு சும்மா விட்டு விறகையும் வீணாக்கக் கூடாது. இன்றைக்கே பையனுக்குச் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

நாம் இத்தனை நேரம் சொன்னதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். தூத்துக்குடி வெயிலில் பாட்டரியைக் குளிர்விப்பதே கவலை. லேயிலோ பிள்ளை வீடு வந்து சேர அந்தக் கொஞ்சம் சூடு வேண்டும்.